குரங்கினத்தை எண்ணிய பேராசிரியர்

கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியிற் குரங்குகளைக் காணாத திருகோணமலையார் இலர். ஆயினும், அவற்றின் கூட்ட வாழ்வை ஓர் ஆராய்ச்சித் துறையாக்கிய கிளாரன்ஸ் ரே கார்பெண்டர் என்பாரை அறிந்தோர் நம்மிடையே சிலரே.

1905ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வட கரோலினாவிற் பிறந்த இவர், புறாக்களை ஆராய்ந்து ஸ்டான்போர்டிற் கலாநிதிப் பட்டம் பெற்றார். அந்நாளில் அறிஞர் பலர் குரங்கின் இயல்பைக் கூண்டுகளிலேயே தேடினர். இலண்டன் விலங்குச்சாலையில் அடைபட்ட பபூன்கள் ஒன்றையொன்று கொன்றமை கண்டு, குரங்குச் சமுதாயமே அத்தகையது என்று நூலும் எழுந்தது. சிறையைப் பார்த்து ஊரின் ஒழுக்கத்தை எழுதியது போன்றது அது.

கார்பெண்டர் 1931இன் இறுதியிற் பனாமாவின் பாரோ கொலராடோத் தீவுக் காட்டினுட் புகுந்து, ஊளைக் குரங்குகளைப் பொறுமையோடு பின்தொடர்ந்தார். 1932இல் அவர் எண்ணியவை 23 கூட்டங்கள், 398 குரங்குகள். ஆண், பெண், இளையவை எனப் பிரித்தெண்ணியதே அவர் முறையின் உயிர். (கடுவன், மந்தி, குட்டி என்னும் சொற்களைத் தொல்காப்பிய மரபியலிற் கற்ற என் மாணவர்க்கு இப்பகுப்பு எளிதில் விளங்கும்.) அவற்றின் ஊளை, ஒரு கூட்டம் தானிருக்குமிடத்தை மற்றதற்கு உணர்த்திக் கைகலப்பைத் தவிர்க்கும் வழி என்றும் கண்டார். 1937இற் சீயம் நாட்டுக் கிப்பன்கள் தாய், தந்தை, குட்டிகள் எனச் சிறு குடும்பமாய் வாழ்வதையும் ஆராய்ந்தார்.

அடுத்த ஆண்டிற் செய்த செயல்தான் என் நெஞ்சை உறுத்துவது. இந்தியக் காடுகளிலும் ஊர்களிலும் பிடித்த ரீசஸ் குரங்குகளைக் கல்கத்தாவிற் கப்பலேற்றி, புவெர்ட்டோ ரிக்கோவை அடுத்த கயோ சந்தியாகோ என்னுஞ் சிறு தீவில் நானூறுக்கும் மேற்பட்டவற்றை இறக்கினார். தீவின் பரப்பு ஏறத்தாழ 15 ஹெக்டேயர். கூட்டம் சிதைந்த குரங்குகள் என் செய்யும்? கப்பலில் உணவு குறுகியபோது தாய்களே குட்டிகளோடு உணவுக்குப் போராடின. தீவிலும் சண்டை மூண்டது, மடிந்தவை பல. இலண்டனிற் பிறர் கண்டதைத் தாமே உண்டாக்கிக் கண்டார் கார்பெண்டர். எஞ்சியவை மெல்லமெல்லப் புதுக் கூட்டங்களாய் அமைந்தன. அதையும் அவரே குறித்து வைத்தார்.

1940 முதற் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்திற் பணியாற்றி, உளவியலுக்கும் மானிடவியலுக்கும் பேராசிரியராய் விளங்கினார். கல்வித் திரைப்படம், தொலைக்காட்சி ஆகியவற்றிலும் நெடுங்காலம் உழைத்து, 1975இல் மறைந்தார்.

தீவின் குரங்குகள் மறையவில்லை. 2017இல் மரியா என்னும் பெரும்புயல் அங்கிருந்த மரங்களிற் பெரும்பகுதியை வீழ்த்தியது. நிழல் அரிதானபோது, அன்று கப்பலில் வந்தவற்றின் வழித்தோன்றல்கள் முன்னையினும் பொறுமையோடு, எஞ்சிய நிழலில் அருகருகே அமரத் தொடங்கின என்று ஆய்வாளர் எழுதியுள்ளனர்.