நீலத்தைத் தேடிய ராமன்

நம்ம சிவகாசிப் பட்டாசில் கொண்டுவர ரொம்பச் சிரமமான கலர் நீலம்தான். செம்பு உப்பு சேர்த்த மருந்து, சூடு கொஞ்சம் கூடினாலே வெளுத்துப்போகும். அந்த நீலத்தை வாழ்நாளெல்லாம் தேடியவர் என்பதால்தான் சர் சி.வி. ராமன்மீது எனக்குத் தனிப் பிரியம்.

1888-இல் திருவானைக்காவலில் பிறந்தார். 1917-இல், நல்ல சம்பளத்தோடு இருந்த கணக்குத் துறை உத்தியோகத்தை உதறிவிட்டுக் கல்கத்தாவில் பேராசிரியர் ஆனார். (நம்மில் எத்தனை பேர் செய்வோம்?) 1921 கப்பல் பயணத்தில் மத்தியதரைக் கடலின் நீலம் அவரை உலுக்கியது. 1928 கண்டுபிடிப்பு, 1930 நோபல் பரிசு எல்லாம் பள்ளியிலேயே படித்ததுதான்.

ஆனா அவர் கல் சேர்த்த கதை பலருக்குத் தெரியாது. வைரம், படிகம், கனிமம் என்று தேடித்தேடிச் சேர்த்தார். அதில் ஒன்று லாப்ரடோரைட். பார்த்தால் வெறும் சாம்பல் நிறக் கல். சற்றே திருப்பினால் பளீரென்று நீலம்! 1950-இல் ஜெயராமனோடு சேர்ந்து அதை ஆராய்ந்தார். அதில் சாயமில்லை. கல்லுக்குள் இருக்கும் மெல்லிய அடுக்குகள் ஒளியோடு நடத்தும் விளையாட்டு அது. பொடியாக்கினால் நீலம் காணாமல் போகும்.

1970-இல் ராமன் காலமானார். அவர் சேர்த்த கற்கள் பெங்களூரில், 1948-இல் அவர் தொடங்கிய ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் இருக்கின்றன. அடுத்த டூர் அந்தப் பக்கம் என்றால், நான் முதல் ஆளாகப் பேர் கொடுப்பேன்.