மின்னல் பறித்த 'கோஸ்ட்': யார் இந்த ஜான் ஒயிட்?

உடம்பு போதாது என்று கிளப்புகள் ஒதுக்கிய ஸ்காட்லாந்துப் பையன் ஜான் ஒயிட். அல்லோவா, ஃபால்கிர்க் அணிகளில் ஆடியவரை 1959-ல் டாட்டன்ஹாம் வாங்க நினைத்தபோதும் அதே சந்தேகம்தான்: தாக்குப்பிடிப்பாரா? மேனேஜர் பில் நிக்கல்சன் ராணுவத்தில் விசாரித்தார். ஆள் அங்கே கிராஸ்-கன்ட்ரி ஓட்டக்காரராம்! அப்புறமென்ன, சுமார் 22,000 பவுண்டுக்கு டீல் முடிஞ்சது.

எங்கே நிற்கிறார் என்றே எதிரணிக்குத் தெரியாது. திடீரென காலி இடத்தில் முளைப்பார். அதனால்தான் 'கோஸ்ட்'. 1961-ல் லீக், எஃப்.ஏ. கோப்பை இரண்டும் டாட்டன்ஹாமுக்கே. 1963 ஐரோப்பிய கோப்பை வின்னர்ஸ் ஃபைனலில் அட்லெடிகோ மாட்ரிட்டுக்கு எதிராக ஒரு கோல்.

1964 ஜூலை 21. க்ரூஸ் ஹில் மைதானத்தில் தனியாக கோல்ஃப் ஆடப் போனவர், மழைக்கு மரத்தடியில் ஒதுங்கினார். மின்னல் தாக்கியது. வயது 27. கைக்குழந்தையாக இருந்த மகன் ராப், பின்னாளில் அப்பாவைத் தேடி ஒரு புத்தகமே எழுதினார்.