ஜெயித்த சண்டைதான் பாடம் சொன்னது: புரூஸ் லீ எத்தனை கலைகளை, யாரிடமெல்லாம் கற்றார்?

1964-ம் ஆண்டின் கடைசி மாதங்கள். அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில் உள்ள ஓக்லாந்து நகரம். அங்கிருந்த சிறிய குங்ஃபூ பள்ளி ஒன்றுக்குள் இரண்டு இளைஞர்கள் மோதிக்கொண்டார்கள். பார்த்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். கேமராவும் இல்லை, நடுவரும் இல்லை.

ஒருவர் வோங் ஜாக் மேன். சீனாவின் வடபகுதிக் குங்ஃபூ பாணிகளில் தேர்ந்தவர். இன்னொருவர் அந்தப் பள்ளியை நடத்திய புரூஸ் லீ.

இந்தச் சண்டையைப் பற்றி இன்றுவரை இரண்டு கதைகள் உண்டு. மூன்றே நிமிடத்தில் புரூஸ் லீ ஜெயித்துவிட்டார் என்பது அவரது மனைவி லிண்டா தரப்பு சொல்வது. இருபது நிமிடத்துக்கு மேல் நீடித்தது, யாருக்கும் வெற்றி இல்லை என்பது வோங் தரப்பு சொல்வது. சண்டை எதற்காக நடந்தது என்பதிலும் இரு தரப்பும் ஒத்துப்போவதில்லை. சீனர் அல்லாதவர்களுக்கு குங்ஃபூ சொல்லிக்கொடுத்ததால் வந்த பகை என்கிறது ஒரு தரப்பு. மேடையில் புரூஸ் லீ விட்ட சவாலால் வந்த வினை என்கிறது மறு தரப்பு.

ஆனால், சண்டை முடிந்த பிறகு நடந்ததுதான் முக்கியம். ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்ட புரூஸ் லீ, அந்த வெற்றியைக் கொண்டாடவில்லை. அதற்குப் பதில், அதுவரை தான் கற்ற கலையையே சந்தேகப்பட ஆரம்பித்தார். ஏன்?

முதல் பாடம் அப்பாவிடம்

புரூஸ் லீ பிறந்தது 1940 நவம்பர் 27-ம் தேதி, அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில். அப்பா லீ ஹோய் சுவன், கான்டனீஸ் இசை நாடக நடிகர். நாடகக் குழுவோடு அமெரிக்கா வந்திருந்த நேரத்தில் பிறந்த பிள்ளை இவர். சில மாதங்களிலேயே குடும்பம் ஹாங்காங் திரும்பிவிட்டது.

குழந்தை நட்சத்திரமாக சினிமாவில் நடித்துக்கொண்டிருந்த புரூஸுக்கு முதலில் அறிமுகமான தற்காப்புக் கலை தாய் சி. சொல்லிக்கொடுத்தவர் அப்பாதான். மெதுவாக அசையும் அந்தக் கலை, ஓரிடத்தில் உட்காரத் தெரியாத பையனுக்குச் சரிப்பட்டு வரவில்லை. அப்போதைய ஹாங்காங் தெருக்களில் பையன்களிடையே கோஷ்டிச் சண்டைகள் சகஜம். அங்கே அடிவாங்காமல் தப்பிக்க வேறு ஏதாவது தெரிந்திருக்க வேண்டும்.

பதின்ம வயதின் தொடக்கத்தில் அவர் போய்ச் சேர்ந்த இடம், இப் மேன் என்ற ஆசானின் விங் சுன் பள்ளி.

விங் சுன் என்றால் என்ன?

எதிராளிக்கு மிக அருகில் நின்று போடும் சண்டை முறை இது. உடலின் நடுக்கோட்டைக் காத்துக்கொண்டு, குறுகிய தூரத்தில் நேர்க்குத்துகளை அடுத்தடுத்து வேகமாக இறக்குவார்கள். இருவர் கைகளை ஒட்டவைத்தபடி நின்று, எதிராளியின் அசைவைத் தொடுதலிலேயே உணரும் பயிற்சியும் உண்டு. உடல் பலம் குறைவானவர்களும் ஜெயிக்க முடியும் என்பதுதான் இதன் அடிப்படை. இந்தக் கலையை உருவாக்கியவர் ஒரு பெண் என்றே மரபுக் கதை சொல்கிறது.

இப் மேனின் பள்ளியில் மூத்த மாணவரான வோங் சுன் லியுங்தான் புரூஸுக்கு அதிகம் பயிற்சி கொடுத்தவர். ஆனால் அங்கே ஒரு சிக்கல் வந்தது. புரூஸின் அம்மா கிரேஸ் ஹோ, ஐரோப்பிய வம்சாவளிக் கலப்பு உள்ளவர். இது தெரிந்ததும், முழுச் சீனர் அல்லாதவரோடு சேர்ந்து பயிற்சி எடுக்க மாட்டோம் என்று சக மாணவர்கள் முரண்டு பிடித்தார்கள். அதன் பிறகு அவரது பயிற்சி பெரும்பாலும் தனியாகவே நடந்தது.

கலைக்குள் கட்டப்படும் வேலி என்றால் என்ன என்பதை அவர் தெரிந்துகொண்டது அப்போதுதான்.

பாக்ஸிங் வளையமும் நடன மேடையும்

1958-ல் ஹாங்காங்கில் பள்ளிகளுக்கு இடையே குத்துச்சண்டைப் போட்டி. பள்ளி ஆசிரியர் ஒருவரின் தூண்டுதலில் கையுறை மாட்டிக்கொண்டு இறங்கிய புரூஸ், இறுதிப் போட்டியில் நடப்பு சாம்பியனை வீழ்த்தினார். ஆனால் கனமான கையுறையோடு விங் சுன் குத்துகள் நினைத்த அளவுக்கு வேலை செய்யவில்லை. கலை ஒன்றுதான். ஆனால் விதிகள் மாறியதும் அதன் பலன் மாறிவிட்டது.

அதே 1958-ல் ஹாங்காங்கின் சா-சா நடனப் போட்டியிலும் அவர்தான் சாம்பியன். இந்த நடனம் வேறு வகையிலும் கைகொடுத்தது. வடபகுதிக் குங்ஃபூ ஆசான் ஒருவருக்கு நடனம் சொல்லிக்கொடுத்து, பதிலுக்கு அவரிடம் குங்ஃபூ கற்றுக்கொண்டார். காசுக்குப் பதில் கலைக்குக் கலை. இந்தப் பண்டமாற்று, பிற்பாடு அவர் வாழ்க்கை முழுக்கத் தொடர்ந்தது.

வீட்டிலேயே இன்னொரு ஆசானும் இருந்தார். அண்ணன் பீட்டர், வாள்வீச்சு வீரர். முன்கையை நீட்டி நிற்கும் நிலை, எதிராளி பாயும் நொடியிலேயே குறுக்கே புகுந்து குத்துவது போன்ற வாள்வீச்சு நுணுக்கங்கள் தம்பியின் மனதில் பதிந்தன. அவை வெளியே வரப் பல வருடங்கள் ஆனது.

100 டாலரோடு கப்பல் ஏறிய பையன்

தெருச் சண்டைகள் அதிகமாகி, போலீஸ் வரை விவகாரம் போனது. இனி இங்கே இருந்தால் சரிப்படாது என்று முடிவெடுத்த பெற்றோர், 1959 ஏப்ரலில் 18 வயது மகனைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். கையில் 100 டாலர். அவ்வளவுதான்.

சியாட்டில் நகரில், குடும்பத்துக்குத் தெரிந்தவர் நடத்திய சீன உணவகம் ஒன்றில் பரிமாறும் வேலை. மாடியில் ஒரு சின்ன அறை. படிப்பைத் தொடர்ந்து, 1961-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

இதற்கிடையே குங்ஃபூ சொல்லிக்கொடுக்கவும் தொடங்கிவிட்டார். முதல் மாணவர் ஜெஸ்ஸி குளோவர், கறுப்பின இளைஞர், ஜூடோ வீரர். அடுத்து வந்த டாக்கி கிமுரா ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர். இரண்டாம் உலகப் போர் காலத்தில் அமெரிக்க அரசின் தடுப்பு முகாமில் அடைபட்டிருந்தவர். வெள்ளையர், கறுப்பர், ஆசியர் என எல்லோரும் ஒன்றாகப் பயிற்சி எடுத்த அந்தக் காலத்து அரிய இடங்களில் ஒன்றாக அது இருந்தது. இனத்தின் பெயரால் ஒதுக்கப்பட்டவர், தன் பள்ளியில் யாரையும் அப்படி ஒதுக்கவில்லை.

கற்றுக்கொடுத்தது ஒருவழிப் பாதையும் அல்ல. ஜூடோ தெரிந்த மாணவர்களிடமிருந்து எதிராளியைத் தூக்கி எறியும் முறைகளையும் பிடிகளையும் ஆசிரியரே கற்றுக்கொண்டார்.

1960-ல் கராத்தே வீரர் ஒருவர் சவால் விட, சியாட்டிலில் நடந்த மோதல் 11 நொடிகளில் முடிந்தது. ஜெயித்தவர் புரூஸ். விங் சுன் போதும் என்ற நம்பிக்கை அப்போது உச்சத்தில் இருந்தது.

அந்த நம்பிக்கையை உடைத்ததுதான் ஓக்லாந்து சண்டை.

அந்தச் சண்டையில் என்ன தவறு நடந்தது?

எதிரே நின்று மோதும் ஆளுக்கு எதிராகத்தான் விங் சுன் பலம். எதிராளி விலகி விலகிப் போனால்? துரத்த வேண்டியிருந்தது. துரத்தத் துரத்த மூச்சு வாங்கியது. நேராக இறக்கிய குத்துகள் சரியாக விழவில்லை. சில நொடிகளில் முடிந்திருக்க வேண்டிய சண்டை இழுத்துக்கொண்டே போனது என்பதுதான் அவரது கணக்கு.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் எதிராளி ஓடினான் என்று சொல்லிச் சமாதானம் அடைந்திருக்கலாம். புரூஸ் லீ இரண்டு முடிவுக்கு வந்தார். ஒன்று, உடலுக்குத் தாக்குப்பிடிக்கும் திறன் போதவில்லை. இரண்டு, ஒரே பாணிக்குள் அடைபட்ட சண்டைக்காரர் எதிர்பாராத சூழ்நிலையில் திணறிப்போவார்.

அதன் பிறகு தினமும் ஓட்டம், கயிறு தாண்டுதல், சைக்கிள், எடைப் பயிற்சி. அன்றைய குங்ஃபூ ஆசான்களில் பலர் எடை தூக்குவதை விரும்பாத காலம் அது.

யாரிடம் என்ன கற்றார்?

குத்துச்சண்டை: முகமது அலியின் சண்டைப் படங்களைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். கவனித்தது குத்துகளை மட்டும் இல்லை, கால்கள் நகரும் விதத்தையும்தான். முன்னாள் உலக சாம்பியன் ஜாக் டெம்ப்சி எழுதிய குத்துச்சண்டைப் புத்தகத்தையும் கரைத்துக் குடித்தார்.

டேக்வாண்டோ: 1964-ல் லாங் பீச் கராத்தே போட்டியில் சந்தித்த கொரிய வம்சாவளி ஆசான் ஜூன் ரீயிடம் உயர உதைக்கும் முறைகளைக் கற்றார். விங் சுன்னில் உதைகள் பெரும்பாலும் இடுப்புக்குக் கீழேதான். பதிலுக்கு ஜூன் ரீக்கு புரூஸ் சொல்லிக்கொடுத்தது கைக்குத்து.

மல்யுத்தப் பிடிகள்: 1966-ல் தி கிரீன் ஹார்னெட் தொலைக்காட்சித் தொடரில் நடித்தபோது ஜீன் லெபெல் பழக்கமானார். ஜூடோ சாம்பியன், மல்யுத்த வீரர், சண்டைக் கலைஞர். தரையில் விழுந்த பிறகு கையை, காலை மடக்கிப் பூட்டும் வித்தைகள் இவரிடமிருந்து வந்தன.

பிலிப்பைன்ஸ் கலைகள்: லாஸ் ஏஞ்சல்ஸ் பள்ளியில் உடன் இருந்து சொல்லிக்கொடுத்தவர் டான் இனோசான்டோ. சங்கிலியால் இணைத்த இரண்டு கட்டைகளான நுன்சாக்குவை புரூஸின் கையில் கொடுத்தவர் இவர்தான். இன்று புரூஸ் லீ என்றாலே நினைவுக்கு வரும் ஆயுதம் அது.

வாள்வீச்சு: அண்ணனிடம் பார்த்தது இப்போது புத்தகங்கள் வழியாகத் திரும்ப வந்தது. பலமான வலக்கையை முன்னால் வைத்து நிற்கும் அவரது நிலை, வாள் இல்லாத வாள்வீச்சு மாதிரிதான்.

இவை எல்லாம் சேர்ந்து 1967-ல் ஒரு பெயர் பெற்றன: ஜீத் குன் டோ. தாக்குதலைக் குறுக்கே மறிக்கும் முஷ்டியின் வழி என்று அர்த்தம். எல்லாக் கலைகளையும் மூட்டை கட்டிச் சேர்ப்பது இதன் நோக்கம் இல்லை. தனக்குப் பயன்படுவதை எடுத்துக்கொண்டு, மற்றதைக் கழித்துவிடுவதுதான். ஒருவருக்குப் பொருந்துவது இன்னொருவருக்குப் பொருந்தாமல் போகலாம் என்பதையும் அவர் வலியுறுத்தினார்.

தன் பள்ளிகளைத் தானே மூடியது ஏன்?

ஆனால் ஒரு பயம் அவரை விடவில்லை. பாணிகளின் சிறையை உடைக்கப் புறப்பட்டவர், தானே புதுச் சிறை ஒன்றைக் கட்டுகிறாரோ? ஜீத் குன் டோ என்ற பெயரையே மாணவர்கள் வேதமாக்கிவிட்டால்? 1970 ஜனவரியில் தன் பெயரில் நடந்த பள்ளிகளை மூடச் சொல்லிவிட்டார்.

அதே வருடம் ஆகஸ்ட் மாதம் இன்னொரு அடி. சரியாக உடலைச் சூடேற்றாமல் 125 பவுண்டு, அதாவது சுமார் 57 கிலோ எடையைத் தோளில் வைத்துக் குனிந்து நிமிரும் பயிற்சி செய்தபோது, முதுகின் அடிப்பகுதி நரம்பில் காயம். இனி பழையபடி உதைக்கவே முடியாது என்றார்கள் மருத்துவர்கள். கையில் காசும் இல்லை, வீட்டில் இரண்டு சின்னக் குழந்தைகள். மாதக்கணக்கில் படுக்கை.

உடல் அசையாத அந்த நாட்களில் அவர் படித்தார், எழுதினார். குத்துச்சண்டை, வாள்வீச்சு, தத்துவம் எனக் குறிப்புகள் நோட்டு நோட்டாக நிறைந்தன. அப்போது அவரை ஆழமாகப் பாதித்த சிந்தனையாளர்களில் ஒருவர் நம்மவர்களுக்கும் தெரிந்தவர்: அன்றைய சென்னை மாகாணத்தின் மதனப்பள்ளியில் பிறந்த ஜிட்டு கிருஷ்ணமூர்த்தி. எந்த அமைப்புக்குள்ளும் உண்மையை அடைக்க முடியாது என்ற அவரது பார்வை, சண்டைக் கலை பற்றி புரூஸ் யோசித்துக்கொண்டிருந்ததோடு அப்படியே ஒத்துப்போனது. அந்தக் குறிப்புகள்தான் புரூஸ் இறந்த பிறகு, 1975-ல் தாவோ ஆஃப் ஜீத் குன் டோ என்ற புத்தகமாக வெளிவந்தன.

முதுகு வலி முழுசாகப் போகவே இல்லை. ஆனாலும் எழுந்தார். 1971-ல் தி பிக் பாஸ், 1972-ல் ஃபிஸ்ட் ஆஃப் ஃபியூரி, வே ஆஃப் தி டிராகன். திரையில் நாம் பார்த்து வாய்பிளந்த உதைகள் எல்லாம், இனி உதைக்கவே முடியாது என்று சொல்லப்பட்டவரின் உதைகள்.

1973 ஜூலை 20-ம் தேதி, ஹாங்காங்கில் மூளை வீக்கத்தால் இறந்தபோது அவருக்கு வயது 32. உலகம் முழுக்க அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்த என்டர் தி டிராகன் அமெரிக்காவில் திரைக்கு வந்தது அதன் பிறகுதான். சண்டை முறைகளைக் கலந்து மோதும் எம்.எம்.ஏ. போட்டிகள் பெரிய தொழிலாக வளர்ந்த இன்றைய காலத்தில், அந்த யோசனைக்கு முன்னோடி என்று பலரும் அவரைத்தான் கைகாட்டுகிறார்கள். இத்தனைக்கும் அவர் தொழில்முறைப் போட்டிகளில் மோதியவர் கிடையாது.

முடியாமல் நின்ற படம்

1972-ல் அவர் எடுக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திய படம் கேம் ஆஃப் டெத். ஒரு கோபுரத்தில் நாயகன் மாடி மாடியாக ஏற வேண்டும். ஒவ்வொரு மாடியிலும் ஒவ்வொரு பாணியில் தேர்ந்த ஒரு வீரர் காத்திருப்பார். ஒரு மாடியில் கொரியாவின் ஹாப்கிடோ ஆசான் ஜி ஹான் ஜே. மேல் மாடியில், எந்தப் பாணிக்குள்ளும் அடங்காமல் மோதும் 7 அடி 2 அங்குல உயரக் கூடைப்பந்து வீரர் கரீம் அப்துல் ஜப்பார். நிஜத்தில் அவர் புரூஸின் மாணவர்.

இன்னொரு மாடியில் நுன்சாக்கு சுழற்றிக்கொண்டு நின்றவர் டான் இனோசான்டோ. அந்த ஆயுதத்தைத் தனக்கு அறிமுகம் செய்தவரையே எதிரே நிறுத்தி, அதே ஆயுதத்தால் மோதும் காட்சியைப் படமாக்கி வைத்துவிட்டுத்தான் புரூஸ் லீ போனார்.