கை நழுவிய ஈட்டி, கைக்கு வந்த தங்கம்: பேப் டிட்ரிக்சன் யார்?

ஈட்டி கை நழுவினால் என்ன ஆகும்? எறிதல் வீணாகும், யாருக்காவது காயம்கூட ஏற்படலாம். ஆனால் கை நழுவிய ஈட்டியாலேயே ஒலிம்பிக் தங்கம் வென்றவர் ஒருவர் இருக்கிறார் தெரியுமா?

அவர்தான் அமெரிக்காவின் பேப் டிட்ரிக்சன்.

வேலிகளைத் தாண்டிய சிறுமி

1911ஆம் ஆண்டு டெக்சஸ் மாநிலத்தில் பிறந்தவர் மில்ட்ரெட் டிட்ரிக்சன். பெற்றோர் நார்வேயிலிருந்து குடியேறியவர்கள். அப்பா தச்சர். வசதி இல்லாத வீடு. வீடுகளுக்கு நடுவே இருந்த செடி வேலிகளைத் தாண்டித் தாண்டித்தான் தடை ஓட்டத்தையே பழகினார்.

டாலஸ் நகரக் காப்புறுதி நிறுவனம் ஒன்று அவரை வேலைக்கு எடுத்தது. பெயருக்கு அலுவலக வேலை. உண்மையில் அதன் கூடைப்பந்துக் குழுவுக்காக!

ஒருவரே ஒரு குழு

1932ஆம் ஆண்டு அமெரிக்கத் திடல்தட வெற்றியாளர் போட்டிக்கு அந்த நிறுவனம் அனுப்பிய குழுவில் ஒரே ஒருவர்தான். ஒரே பிற்பகலில் 8 போட்டிகளில் கலந்துகொண்டு 30 புள்ளிகள் எடுத்தார் பேப். இரண்டாவதாக வந்த குழுவில் 22 பேர். அவர்கள் எல்லாரும் சேர்ந்து எடுத்தது 22 புள்ளிகள்தான்.

அந்தத் தங்க எறிதல்

அதே ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக். பெண்களுக்கான ஈட்டி எறிதல் முதன்முறையாக அதில்தான் இடம்பெற்றது. பேப்பின் முதல் எறிதலிலேயே பிடி நழுவியது. ஈட்டி வளைந்து மேலெழாமல், தாழ்வாக நேரே பாய்ந்தது. தோளிலும் காயம். ஆனால் தூரம் 43.68 மீட்டர்! அதற்குப் பிறகு அவரால் அவ்வளவு தூரம் எறிய முடியவில்லை, மற்றவர்களாலும் முடியவில்லை. இரண்டாம் இடத்துக்கும் அவருக்கும் இருந்த இடைவெளி 20 செண்டிமீட்டருக்கும் குறைவு.

80 மீட்டர் தடை ஓட்டத்திலும் தங்கம் வென்றார். உயரம் தாண்டுதலில் சக வீராங்கனை ஜீன் ஷைலி தாண்டிய அதே உயரத்தைத் தாண்டினார். ஆனால் உடலுக்கு முன் தலை கம்பியைக் கடந்தது என்று நடுவர்கள் சொன்னதால் வெள்ளிதான் கிடைத்தது.

சரி, எப்படி எறியணும்?

பேப்புக்கு அன்று அதிர்ஷ்டம் இருந்தது. நீங்கள் அதை நம்பி இறங்காதீர்கள்!

- பெண்களின் ஈட்டி 600 கிராம், ஆண்களின் ஈட்டி 800 கிராம். நடுவில் கயிறு சுற்றிய இடத்தை மட்டுமே பிடிக்க வேண்டும்.
- ஓடிவந்து, கடைசி அடிகளில் பக்கவாட்டில் திரும்பி, முன்காலை உறுதியாக ஊன்றி, தோளுக்கு மேலாக எறிய வேண்டும். கைபலம் மட்டும் போதாது. கால், இடுப்பு, தோள், கை என்று வேகம் வரிசையாக ஏற வேண்டும்.
- ஈட்டியின் முனை முதலில் தரையைத் தொட வேண்டும். கோட்டைத் தாண்டினால் எறிதல் செல்லாது.

பாதுகாப்பு? இதை மறக்கவே கூடாது

- ஈட்டியை எடுத்து நடக்கும்போது முனை தரையைப் பார்த்து இருக்கட்டும்.
- காத்திருப்பவர்கள் எறிபவருக்குப் பின்னால், நன்றாகத் தள்ளி நிற்க வேண்டும்.
- பயிற்சியில் எல்லாரும் எறிந்து முடித்து, பயிற்றுநர் சொன்ன பிறகே எடுக்கப் போகலாம். ஓடக்கூடாது, நடந்தே போகணும். மண்ணில் குத்தி நிற்கும் ஈட்டியின் வால்முனை கண்ணில் படும் உயரத்தில்தான் இருக்கும்.
- எடுத்த ஈட்டியைத் திருப்பி எறியவே கூடாது. கையில் கொண்டு வாருங்கள்.
- கையும் பிடியும் ஈரமாக இருந்தால் துடைத்துவிட்டு எறியுங்கள். ஒலிம்பிக் வீராங்கனைக்கே நழுவியது!

கடைசி வெற்றி

பேப் பிறகு கோல்ஃப் பக்கம் திரும்பினார். மல்யுத்த வீரர் ஜார்ஜ் ஸகாரியஸை மணந்தார். பெண்களுக்கான தொழில்முறை கோல்ஃப் சங்கத்தை 1950இல் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர்.

1953இல் அவருக்குப் பெருங்குடல் புற்றுநோய். அறுவை சிகிச்சை நடந்தது. நோயின் பெயரைச் சொல்லவே மக்கள் தயங்கிய காலம் அது. அவரோ மறைக்கவில்லை, ஒதுங்கவும் இல்லை. மறு ஆண்டே அமெரிக்கப் பொது விருதை 12 அடிகள் வித்தியாசத்தில் வென்றார்.

1956ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் தேதி காலமானார். வயது 45தான்.

லாஸ் ஏஞ்சலிஸில் ஈட்டி நழுவியது தற்செயல். நோய் வந்த பிறகும் திடலுக்குத் திரும்பியது தற்செயல் இல்லை. அடுத்த முறை ஈட்டியைக் கையில் எடுக்கும்போது பேப்பை நினைத்துக்கொள்ளுங்கள். பின்னால் யாராவது நிற்கிறார்களா என்றும் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்.