லெஸ்லி ஸ்டீபன்

சர் லெஸ்லி ஸ்டீபன் (நவம்பர் 28, 1832 – பெப்ரவரி 22, 1904) ஆங்கிலேய எழுத்தாளரும், இலக்கியத் திறனாய்வாளரும், மலையேறுநரும் ஆவார். பிரித்தானியாவின் தேசிய வாழ்க்கை வரலாற்று அகராதியின் முதல் பதிப்பாசிரியர் இவரே. புதின எழுத்தாளர் வர்ஜீனியா வூல்ஃப், ஓவியர் வனெசா பெல் ஆகியோர் இவருடைய மகள்கள். மாலைதோறும் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் புதினங்களை உரக்கப் படித்துக்காட்டி, கதைமாந்தர்களைப் பற்றி அவர்களுடன் விவாதித்து வந்தார். வர்ஜீனியாவின் இலக்கியப் பயிற்சி இவ்வாறே தொடங்கியது.

பிறப்பும் கல்வியும்

லண்டனின் கென்சிங்டன் பகுதியில் பிறந்தார். தந்தை சர் ஜேம்ஸ் ஸ்டீபன், குடியேற்ற நாடுகள் அலுவலகத்தின் உயர் அதிகாரி. அடிமை முறையை ஒழித்த 1833 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரைவை எழுதியவர். அண்ணன் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் இந்தியாவில் வைஸ்ராயின் ஆட்சிக்குழுவில் சட்ட உறுப்பினராக இருந்து, 2024 வரை நடைமுறையில் இருந்த 1872 ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தை உருவாக்கினார்.

லெஸ்லி ஈட்டன் பள்ளியிலும், லண்டன் கிங்ஸ் கல்லூரியிலும், கேம்பிரிட்ஜ் டிரினிட்டி ஹாலிலும் பயின்றார். பின்னர் டிரினிட்டி ஹாலிலேயே ஆசிரியரானார். கல்லூரிப் பதவியின் தேவைக்கேற்ப 1859 இல் ஆங்கிலிக்கத் திருச்சபையின் குருவாகவும் ஆனார். ஆயினும் விவிலியக் கதைகளை வரலாற்று உண்மைகளாக ஏற்க அவரால் இயலவில்லை. 1862 இல் கல்லூரித் தேவாலய வழிபாடுகளை நடத்த மறுத்து, ஆசிரியப் பொறுப்பிலிருந்து விலகினார். 1875 இல் குருப்பட்டத்தையும் முறைப்படி துறந்தார்.

ஆல்ப்சு மலைகளில் ஏறுவதிலும் பெயர் பெற்றவர். 1861 இல் ஷ்ரெக்ஹார்ன் சிகரத்தை முதன்முதலில் எட்டிய குழுவில் இவர் இருந்தார்.

இதழ்ப்பணியும் அகராதிப்பணியும்

1871 முதல் 1882 வரை கார்ன்ஹில் இதழின் ஆசிரியராக இருந்தார். தாமஸ் ஹார்டியின் "ஃபார் ஃப்ரம் த மாடிங் க்ரௌட்" புதினம் 1874 இல் இவ்விதழில் தொடராக வெளிவந்தது. குடும்ப இதழ் என்பதால், கைவிடப்பட்ட பெண்ணைப் பற்றிய பகுதிகளைக் கவனத்துடன் எழுதுமாறு ஹார்டியிடம் இவர் வேண்டினார். டிஃபோ, ரிச்சர்ட்சன், ஃபீல்டிங், ஸ்காட் முதலியோரைப் பற்றிய கட்டுரைகளை "நூலகத்தில் சில மணிநேரங்கள்" என்னும் பொருள்படும் தொகுதிகளாக வெளியிட்டார்.

1882 இல் தேசிய வாழ்க்கை வரலாற்று அகராதியின் பொறுப்பை ஏற்றார். முதல் தொகுதி 1885 இல் வெளியானது. கடும் உழைப்பால் உடல்நலம் குன்றியதால் 1891 இல் விலகினார். 63 தொகுதிகள் கொண்ட இவ்வகராதி 1900 இல் நிறைவடைந்தது. இதில் முந்நூறுக்கும் மேற்பட்ட கட்டுரைகள் இவர் எழுதியவை.

குடும்பம்

1867 இல் புதின எழுத்தாளர் தாக்கரேயின் இளைய மகள் ஹாரியட் மரியனை மணந்தார். இவர்களுக்கு 1870 இல் லாரா பிறந்தாள். 1875 இல் லெஸ்லியின் பிறந்த நாளன்று ஹாரியட் இறந்தார். 1878 இல், மூன்று பிள்ளைகளுடன் கைம்பெண்ணாக இருந்த ஜூலியா டக்வொர்த்தை மணந்தார். இவர்களுக்கு வனெசா, தோபி, வர்ஜீனியா, ஏட்ரியன் என நால்வர் பிறந்தனர். குடும்பம் லண்டன் ஹைட் பார்க் கேட்டில் வாழ்ந்தது.

புதின வாசிப்பு

ஒவ்வொரு மாலையும் பிள்ளைகளுக்குப் படித்துக்காட்டுவது லெஸ்லியின் வழக்கம். சர் வால்டர் ஸ்காட்டின் வேவர்லி புதினங்கள் முப்பத்திரண்டு தொகுதிகளையும் வரிசையாகப் படித்தார். கடைசித் தொகுதி முடிந்ததும் மீண்டும் முதலிலிருந்து தொடங்க அவர் ஆயத்தமாக இருந்தார். ஜேன் ஆஸ்டின், ஹாதார்ன் ஆகியோரின் நூல்களும் ஸ்டீவன்சனின் "ட்ரெஷர் ஐலண்டும்" படிக்கப்பட்டன. தம் முதல் மாமனாரான தாக்கரே எழுதிய "வேனிட்டி ஃபேர்" புதினத்தை மட்டும், அதன் கொடுமை தாங்க இயலாதது எனக் கூறிப் பாதியில் நிறுத்திவிட்டார்.

ஒரு புதினம் முடிந்தவுடன், அதில் யாரைப் பிடித்தது, ஏன் பிடித்தது என்று ஒவ்வொரு பிள்ளையையும் கேட்பார். பிடித்தது என்று சொன்னால் மட்டும் போதாது. காரணமும் கூற வேண்டும். உயிரோட்டமுள்ள தீயவனை விட்டுவிட்டு வெறும் நல்லவனான கதைத்தலைவனை யாரேனும் தேர்ந்தெடுத்தால் சினம் கொள்வார். கதைமாந்தரை அவர்களின் நல்லொழுக்கத்தால் அன்றி, எழுத்தாளர் அவர்களை எவ்வளவு மெய்யாகப் படைத்துள்ளார் என்பதால் மதிப்பிட வேண்டும் என்பதே இக்கேள்வியின் உட்பொருள்.

1895 இல் ஜூலியா இறந்தார். வர்ஜீனியாவுக்குப் பதினைந்து வயதானபோது, தம் நூலகத்தில் எந்த நூலையும் தடையின்றி எடுத்துப் படிக்க லெஸ்லி இசைவளித்தார். அக்காலத்தில் பல வீடுகளில் இளம்பெண்கள் படிக்கும் புதினங்களைப் பெற்றோரே தேர்ந்தெடுத்தனர். பிடித்ததைப் பிடித்ததனால் படிப்பதும், வியக்காததை வியப்பதாக நடிக்காதிருப்பதுமே அவர் மகளுக்குக் கற்பித்த பாடம்.

வாசிப்பின் எல்லைகள்

இக்கல்வி எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அளவில் கிடைக்கவில்லை. மகன்கள் இருவரும் பள்ளிக்கும், பின்னர் கேம்பிரிட்ஜுக்கும் அனுப்பப்பட்டனர். வர்ஜீனியா பெரும்பாலும் வீட்டிலேயே பயின்றார். 1897 முதல் கிங்ஸ் கல்லூரியின் மகளிர் பிரிவில் சில வகுப்புகளுக்கு மட்டும் சென்றார். பெண்களுக்கு மறுக்கப்பட்ட கல்வியைப் பற்றிப் பிற்காலத்தில் அவர் விரிவாக எழுதினார்.

மூத்த மகள் லாராவுக்கு மனவளர்ச்சிக் குறைபாடு இருந்தது. அவளுக்குப் படிக்கக் கற்றுக்கொடுக்க முயன்ற லெஸ்லி, அவள் தடுமாறியபோது பொறுமை இழந்தார். 1890களில் அவள் காப்பகத்தில் சேர்க்கப்பட்டு, 1945 இல் இறக்கும் வரை குடும்பத்தை விட்டுப் பிரிந்தே வாழ்ந்தாள். மாலை வாசிப்பைப் பற்றிய இனிய நினைவுகளில் அவளுக்கு இடமில்லை.

மறைவும் தாக்கமும்

இறுதி ஆண்டுகளில் லெஸ்லியின் காது மந்தமானது. 1902 இல் சர் பட்டம் பெற்றார். புற்றுநோயால் 1904 இல் லண்டனில் காலமானார். மாலை வாசிப்பைப் பற்றி வர்ஜீனியா எழுதிய குறிப்பு, 1906 இல் மெயிட்லண்ட் வெளியிட்ட லெஸ்லியின் வாழ்க்கை வரலாற்றில் சேர்க்கப்பட்டது.

1927 இல் வெளிவந்த வர்ஜீனியாவின் "டு த லைட்ஹவுஸ்" புதினத்தில் வரும் திரு. ராம்சே தந்தையை ஒட்டிப் படைக்கப்பட்டவர். அன்புக்காக ஏங்குபவராகவும் பிறரை வருத்துபவராகவும் அவர் காட்டப்படுகிறார். ஒரு காட்சியில் அவர் ஸ்காட்டின் புதினம் ஒன்றைத் தம்மை மறந்து படிக்கிறார். தந்தை நீண்டகாலம் உயிரோடிருந்திருந்தால் தாம் எழுத்தாளராகி இருக்க முடியாது என்று 1928 இல் வர்ஜீனியா தம் நாட்குறிப்பில் எழுதினார். ஆயினும் 1932 இல், தந்தையின் நூற்றாண்டையொட்டி எழுதிய கட்டுரையில், நூலகத்தைத் தமக்குத் திறந்துவிட்டதை நன்றியுடன் நினைவுகூர்ந்தார்.

முக்கிய நூல்கள்

- ஐரோப்பாவின் விளையாட்டுத் திடல் (1871)
- பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலச் சிந்தனையின் வரலாறு (1876)
- சாமுவேல் ஜான்சன் (1878)
- அறவியல் அறிவியல் (1882)
- ஜார்ஜ் எலியட் (1902)