கலைஞர் பி. ரம்லி

மார்ச்சுத் திங்கள் 22ஆம் நாள் கலைஞர் பி. ரம்லியின் பிறந்த நாளாகும். அவர் மறைந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அவர் குரல் வானொலியில் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. ஆயினும், அவருடைய இறுதி ஆண்டுகள் எவ்வாறு கழிந்தன என்பதை நம்மில் பலர் அறியோம்.

பினாங்குத் தீவில் 1929ஆம் ஆண்டில் அவர் பிறந்தார். தந்தையார் சுமத்திராவின் ஆச்சே பகுதியிலிருந்து வந்த கடலோடி. பெற்றோர் இட்ட பெயர் தெயுக்கு சக்கரியா. பின்னாளில் அவர் பெயருக்கு முன் நின்ற 'பி' என்னும் எழுத்து, தந்தையின் பெயராகிய பூத்தே என்பதன் முதலெழுத்தாம். தந்தை பெயரின் முதலெழுத்தைத் தாங்குவது நமக்கும் பழக்கமான ஒன்றன்றோ! பினாங்கு ஃப்ரீ பள்ளியில் பயின்றார். ஜப்பானியர் ஆட்சி வந்து படிப்பைத் தடை செய்தது. பாடத்தைவிட இசையிலேயே அவர் மனம் சென்றது. வயலினும் பிற இசைக்கருவிகளும் அவர் கைக்கு வசமாயின.

1948இல் புக்கிட் மெர்தாஜாமில் மேடையொன்றில் அவர் பாடியதை, இந்தியாவிலிருந்து வந்திருந்த இயக்குநர் பி. எஸ். ராஜ்ஹன்ஸ் கேட்டார். உடனே சிங்கப்பூருக்கு அழைத்தார். ஜாலான் அம்பாஸ் படப்பிடிப்பு நிலையத்தில் ரம்லிக்கு முதலில் கிடைத்தவை பின்னணிப் பாடலும் சிறு வேடங்களுமே. இரண்டாண்டுகள் கழித்து, 'பக்தி' என்னும் மலாய்ப் படத்தில் அவரைக் கதாநாயகனாக்கியவர் எல். கிருஷ்ணன். இவர் சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்தவர். அந்நாளைய மலாய்த் திரையுலகில் இயக்குநர் பலர் இந்தியரே என்பதை இளைய தலைமுறையினர் அறிந்துகொள்ள வேண்டும்.

அவர்களிடம் தொழில் கற்ற ரம்லி, 1955இல் தாமே ஒரு படத்தை இயக்கினார். அதன் கதாநாயகன் செல்வனோ வீரனோ அல்லன்; மூன்று சக்கர ரிக்‌ஷா ஓட்டிப் பிழைக்கும் ஏழை. உழைப்பவன் படும் அவமானத்தை அவன் பக்கம் நின்று காட்டியதால் மக்கள் அப்படத்தைத் தமதாக ஏற்றனர். 'அனாக்கு சசாலி' என்னும் படத்தில் தந்தையாகவும் மகனாகவும் அவரே நடித்தார். தாயில்லாப் பிள்ளை என்று அளவின்றிச் செல்லம் கொடுத்து வளர்த்த மகன் குற்றவாளியாகிறான். தந்தையே அவனைக் காவலர் கையில் ஒப்படைக்கிறார். பெற்றோர் கண்டு கலங்கிய கதை அது. 1957இல் தோக்கியோவில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருதை அது அவருக்குத் தேடித் தந்தது. நடிப்பு, பாட்டு, இசையமைப்பு, கதை, இயக்கம் ஆகிய ஐந்தையும் ஒருவரே செய்த வல்லமையை வேறு எவரிடம் காண்போம்?

1964இல் அவர் கோலாலம்பூருக்குக் குடிபெயர்ந்து, மெர்டேக்கா நிலையத்தில் படமெடுக்கத் தொடங்கினார். அங்குப் போதிய கருவிகள் இல்லை. சிங்கப்பூரில் உடனுழைத்த கலைஞர்கள் பலரும் இல்லை. அயல்நாட்டு வண்ணப் படங்கள் திரையரங்குகளை நிறைத்தபோது அவர் கறுப்பு வெள்ளையிலேயே படமெடுக்க வேண்டியிருந்தது. இளைஞர்களும் புதுவகை கித்தார் இசையின் பக்கம் சாய்ந்தனர். அங்கு அவர் இயக்கிய 18 படங்கள் முந்தியவற்றுக்கு ஈடாகா என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால், அதற்காக அவரை எள்ளி நகையாடியது முறையன்று. வாய்ப்புகள் குறைந்தன, வருவாயும் சுருங்கியது. 1973ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் மாரடைப்பால் அவர் காலமானபோது வயது 44 தான்.

அதன் பிறகே சிறப்புகள் ஒவ்வொன்றாக வந்தன. கோலாலம்பூரில் ஒரு சாலை அவர் பெயரைப் பெற்றது. செத்தாப்பாக்கில் அவர் வாழ்ந்த வீடு 1986இல் நினைவில்லமாகத் திறக்கப்பட்டது. 1990இல் டான் ஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. அந்த வீட்டில் அவருடன் வாழ்ந்து, வறுமையையும் பங்கிட்டுக்கொண்ட துணைவியார், பாடகி சலோமா, 1983லேயே மறைந்துவிட்டார். நினைவில்லம் திறக்கப்பட்டதைக் காண அவர் இல்லை.