அன்னை சாவித்திரிபாய் புலே

இன்றைய மகாராஷ்டிர மாநிலத்தின் நாய்காவ் கிராமத்தில் 1831 ஜனவரி 3-ஆம் நாள் பிறந்தவர் சாவித்திரிபாய். ஒன்பது வயதில் மணமாகி, கணவர் ஜோதிராவிடம் எழுத்தறிந்தார். 1848-இல் இருவரும் புனே நகரில் பெண்களுக்கெனப் பள்ளி தொடங்கினர். பாடம் கற்பிக்கச் செல்லும் வழியில் அவர்மேல் சேறும் சாணமும் வீசப்பட்டன. அவரோ மாற்றுச் சேலை ஒன்றைக் கையோடு எடுத்துச் சென்றார்.

1863-இல், ஆதரவற்ற கைம்பெண்களும் அவர்தம் குழந்தைகளும் தங்கத் தம் இல்லத்திலேயே புகலிடம் அமைத்தனர். அத்தகைய தாய் ஒருவரின் மகனான யஷ்வந்தைத் தத்தெடுத்து மருத்துவராக்கினர்.

1897-இல் புனேயில் பிளேக் நோய் பரவியது. நோயுற்றோரை நெருங்கப் பலரும் அஞ்சினர். 66 வயதான அன்னையோ, மகனுடன் நகருக்கு வெளியே சிகிச்சை நிலையம் நடத்தினார். நோயுற்ற சிறுவன் ஒருவனைத் தம் முதுகில் சுமந்து வந்தார். அந்நோய் அவரையும் பற்றியது. மார்ச் 10-ஆம் நாள் உயிர் நீத்தார்.

2020-இல் கொரோனா பரவியபோது, சென்னையில் வீடற்றோர் பலர் மாநகராட்சிப் பள்ளிகளிலும் சமுதாயக் கூடங்களிலும் தங்க வைக்கப்பட்டனர். அச்சத்தை விலக்கி அவர்களுக்கு உணவிட்டவர்களும் அன்னையின் வழி நடந்தவர்களே.

மதுராந்தகத்தில் தடையின்றிப் புத்தகப்பை சுமந்து பள்ளிக்கு வரும் மாணவியராகிய நாங்கள், அவர் சுமந்த பாரத்தை நன்றியுடன் நினைக்கிறோம். கற்கும் கல்வி பிறர் துயர் துடைக்கவும் உதவ வேண்டுமென உறுதி கொள்கிறோம்.